தொண்ணூற்று நான்கு சதவீதம் இருந்தும் கிளம்பாத வண்டி: ஹெப்பகோடி முதல் கிருஷ்ணகிரி வரை

தம்பியின் நிச்சயதார்த்தம் விஜயதசமி அன்று காலை பத்தரைக்கு, கிருஷ்ணகிரியில். மோதிரமும் நிச்சயப் புடவையும் பெங்களூரில் வாங்கியவை என்பதால் என்னிடம்தான் இருந்தன. என் மின்சாரக் காரில் மாமியாரோடு வருகிறேன் என்றதும் அப்பா போனில், "உன்னை நம்பறேம்மா, அந்த வண்டியத்தான் நம்பல. டாக்ஸி புடிச்சு வா" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுபது கிலோமீட்டர்தானே, ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பார்த்தால் சாவிக்குக் கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்தேன். திரை இருட்டு. சார்ஜரைச் செருகினேன், அதற்கும் அசையவில்லை. முந்தின இரவு தொண்ணூற்று நான்கு சதவீதம் காட்டிய வண்டி! அத்தை புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஐயையோ, மோதிரம் இல்லாம எப்படிம்மா நிச்சயம் பண்ணுவாங்க?" என்றார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் ஹெப்பகோடிக் குடியிருப்பில் வண்டிகளுக்குச் சந்தனம் பூசி, கதவுகளைத் திறந்துவைத்து, சாயங்காலம் வரை பக்திப் பாட்டு ஓடவிடுவது வழக்கம். என் வண்டியிலும் ஓடியது. ஆனால் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தோம். அப்படிச் செய்தால் பாட்டு, விளக்கு எல்லாம் பன்னிரண்டு வோல்ட் குட்டி பேட்டரியைத்தான் உறிஞ்சும். மின்சாரக் காரில் அதை நிரப்ப, பெட்ரோல் காரில் எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் கிடையாது. திரையில் 'ரெடி' வந்த பிறகுதான் பெரிய பேட்டரியின் மின்சாரம், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு கருவி வழியாகக் குட்டிக்கு வரும். பெரியதை இணைக்கும் சுவிட்சைப் போடுவதும் அந்தக் குட்டிதான். சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் மோட்டார் போட ஆளில்லாத கதை.

கீழ்வீட்டு ஷபீர் பாய் ஜம்பர் கேபிளோடு தன் பெட்ரோல் காரைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "இன்னா மேடம், கரண்ட் வண்டிக்கு நம்ம பெட்ரோல் வண்டி கரண்ட் குடுக்கணுமா? சக்கத்தா இருக்கு, சூப்பர்!" என்று சிரித்தார்.

"சிரிங்க பாய், சிரிங்க. கேபிள இப்படிக் குடுங்க, நானே மாட்டறேன்."

பிளஸ்ஸுக்குப் பிளஸ். மைனஸை மட்டும் கையேடு சொன்னபடி என் வண்டியின் இரும்புப் பாகத்தில் மாட்டினேன். சில நிமிடம் பொறுத்து, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினேன். 'ரெடி' என்று வந்தது பாருங்கள், குதிக்காத குறைதான்!

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். சந்தாபுராவில் வழக்கமான நெரிசல், அத்திப்பள்ளியில் சுங்கம், ஓசூர் தாண்டியதும் வெண்ணெய் மாதிரி ரோடு. "நடுரோட்டுல நின்னுடாதுல்ல?" என்று அத்தை கேட்டுக்கொண்டே வந்தார். "ஓட ஓட அந்தக் குட்டி பேட்டரி ஏறிக்கிட்டேதான் இருக்கும் அத்தை" என்றேன். பத்து மணிக்கு முன்பே மண்டபம். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒரே அழுத்தலில் எழுந்தது. இப்போதும் சொல்கிறேன், அந்தக் காலையை நினைத்தால் எனக்கு அப்படியொரு பெருமை.

இந்தப் பாதையில் வருபவர்களுக்கு: போகவர வீட்டு மின்சாரம் இருநூறு ரூபாய்கூட ஆகாது. நிறுத்திய வண்டியில் பாட்டுக் கேட்பதானால் 'ரெடி' வந்ததா என்று பார்த்து, அந்த நிலையில் வண்டி நகரக்கூடும் என்பதால் கூடவே பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருங்கள். ஜம்பர் கேபிளை வீட்டில் வைக்காமல் வண்டியில் வையுங்கள். பெட்ரோல் வண்டியிடம் வாங்கலாம். நம் வண்டியிலிருந்து கொடுக்கலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையதில் கூடாது.

நிச்சயம் நல்லபடி முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணின் மாமாவை ஓசூரில் இறக்கிவிட வண்டி தேடினார்கள். வாசலில் பெட்ரோல் கார்கள் வரிசையாக நின்றன. அப்பா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் நடந்த கூத்து முழுவதையும் அத்தை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"என் பொண்ணு வண்டியில போங்க" என்றார். "எது நின்னாலும் கிளப்பிக்கிட்டு வந்துடுவா."