வாசலில் கிடந்த செருப்பு

காலையில எங்க ஜெராம் வீட்டுல இருந்து குடும்பத்தோட ஈப்போ கிளம்பினோம். கார்லயே படம் எடுத்து, “வீட்ட பூட்டியாச்சு, ரெண்டு நாள் ஜாலி”ன்னு இங்க என் பக்கத்துல போட்டேன்.

ஈப்போவுல தோசை வந்த நேரம், எதிர்வீட்டு அக்கா போன் பண்ணாங்க.

“உங்க வீட்டு ஜன்னல் தெறந்திருக்கு, ஃபேன் சுத்துது. யாரும்மா உள்ள?”

“பூட்ட உடைச்சிருக்காங்களாக்கா?”

“இல்லம்மா. வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கழட்டி வெச்சிருக்கு.”

என் வீட்டுக்காரர் தோசையைத் தொடாம எழுந்தார். “திருடன் செருப்ப கழட்டிட்டு வரமாட்டான் லா.”

போலீசுக்குச் சொல்லிட்டு, இப்போ திரும்பி வந்துகிட்டிருக்கோம்.

பூந்தொட்டிக்கு அடியில சாவி இருக்கறது எங்க குடும்பத்துக்கு வெளிய அஞ்சு பேருக்குத்தான் தெரியும். அஞ்சு பேரும் காலையில படத்துக்கு லைக் போட்டிருக்கீங்க.

இப்போ அவங்கவங்க செருப்ப ஒரு படம் எடுத்து கமெண்ட்ல போடுங்க.