உடைத்தவன் கொடுத்த சம்மதம்

1. ஆடி மாதம் கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டபோது, அண்ணன் குடியிருந்த வீட்டின் கதவை ஒரு கும்பல் உடைத்தது.
2. அவருடைய வலது கையை நிலைப்படியில் அழுத்திப் பிடித்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மூன்று விரல்கள் நொறுங்கின.
3. பணப்பையைப் பறித்துக்கொண்டு வீட்டைக் கொளுத்தினார்கள். பணப்பைக்குள் கடனட்டை இருந்தது.
4. அகதிகளை ஏற்றிய கப்பலில் அண்ணன் வடக்கே காங்கேசன்துறையில் இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.
5. ஐப்பசியில் கடனட்டை நிறுவனத்தின் கடிதம், கொழும்புத் தபாலகத்தில் விலாசம் மாற்றப்பட்டு, எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சாவகச்சேரியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபட வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்த நிபந்தனைகளை இலக்கம் இலக்கமாக வாசிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அதனால் அம்மா கடிதத்தை என்னிடம்தான் தந்தார். அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பழைய நிபந்தனைப்படி, தொலைந்த அட்டையில் வேறொருவர் பொருள் வாங்கினால் உடையவர் ஒரு சிறு தொகையை மட்டும் கட்டினால் போதும். புதிய நிபந்தனைப்படி, அட்டை தொலைந்ததாக எழுத்தில் அறிவிக்கும்வரை வாங்கிய எல்லாமே உடையவர் பொறுப்பு. ஆவணி முதலாம் திகதிக்குப் பின் அட்டையைப் பயன்படுத்தினால் புதிய நிபந்தனையை ஏற்றதாகக் கொள்ளப்படும். இதை முன்பே அறிவித்திருந்தார்களாம். அந்த அறிவித்தல் போன விலாசத்தில் அப்போது சாம்பல்தான் இருந்தது.

அட்டையில் ஐந்து முறை பொருள் வாங்கப்பட்டிருந்தது. உடுப்பு, சப்பாத்து, ஒரு வானொலிப் பெட்டி, மறுபடி உடுப்பு, ஒரு தையல் இயந்திரம். ஐந்தும் ஆவணியில். மொத்தத் தொகை அண்ணனின் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. அவருக்கு அப்போது வேலையே இல்லை.

"விளங்கினதைச் சொல்லு" என்றார் அண்ணன்.

"அவங்கள் வாங்கினதை நீங்கள் வாங்கினதா எடுத்திருக்கினம். அதாலை புது நிபந்தனைக்கு நீங்கள் சம்மதிச்சதாயும் எடுத்திருக்கினம்."

"என்ரை கையை உடைச்சவன் எனக்காகச் சம்மதம் சொல்லிப்போட்டான். அப்பிடியோ?"

"ஓம். இல்லையெண்டு கடிதத் திகதியிலையிருந்து முப்பது நாளுக்குள்ளை எழுதலாம். இருபத்தொரு நாள் போட்டுது. கையெழுத்து வைக்க ஏலாதவை சமாதான நீதவானுக்கு முன்னாலை பெருவிரல் அடையாளம்..."

நான் முடிக்கவில்லை. "நான் கைநாட்டு வைக்கிறதோ!" என்று கத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை இடது கையால் எடுத்து எறிந்தார். அது என் புருவத்துக்கு மேல் பட்டது. பிறகு கதிரையை உதைத்தார், அது உடைந்தது. அதன் காலை எடுத்து அலுமாரிக் கண்ணாடியை அடித்தார். அம்மா அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தார். நான் இரத்தம் கடிதத்தில் விழாமல் அதைத் தூர வைத்தேன்.

எங்கள் ஊரில் கைநாட்டு என்றால் பள்ளிக்கூடம் போகாதவன் என்று அர்த்தம். அண்ணன் பட்டதாரி. காணி போனாலும் பரவாயில்லை, பத்திரத்தில் விரல் வைக்கமாட்டேன் என்று நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஆசுப்பத்திரியில் எனக்கு மூன்று தையல் போட்டார்கள். மறுப்புக் கடிதத்தை மறுநாளே எழுதினேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சமாதான நீதவானிடம் வரவும் மாட்டேன் என்றார். ஆறு நாட்கள் அப்படியே போயின. ஏழாம் நாள் காலை, நான் கேட்காமலே சேர்ட்டுப் போட்டுக்கொண்டு வாசல் படலையடியில் வந்து நின்றார்.

பத்திரங்களை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான், நீதிமன்றத்துக்கு அருகில் குடியிருந்த வயதான மனிதர். கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, கொழும்பிலை பெரிய உத்தியோகம், இஞ்சை வந்து கைநாட்டோ?"

அண்ணன் எழுந்து மேசைக்கு மேலாகவே அவருடைய சேர்ட்டுக் கழுத்தைப் பிடித்தார். மைப்பெட்டி கவிழ்ந்தது. கிழவர் அசையவில்லை.

"அடிக்கிறதெண்டால் அடி. ஆனால் உனக்கு இருக்கிறது ஒரு கைதான். அதையும் முறிச்சுப் போட்டு எதை வைக்கப்போறாய்?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, உந்த நெத்தியிலை என்ன?"

"அலுமாரிக் கதவு பட்டது, ஐயா."

"இல்லை" என்றார் அண்ணன். "நான்தான் எறிஞ்சனான்."

பிடியை விட்டார். மேசையில் சிந்திய மையில் இடது பெருவிரலைத் தேய்த்து, நான் கோடு போட்டிருந்த இடத்தில் அழுத்தினார். தாள் கிழிந்துவிடும் என்று பயந்தேன். கிழவர் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். காசு வாங்கவில்லை.

அதைப் பதிவுத் தபாலில் அனுப்ப முடியாது, மிச்சமிருந்த நாட்கள் காணாது. அன்று புகையிலை லொறியில் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தோம். அவர் முப்பதாம் நாள் பின்னேரம் அலுவலகத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வந்தார்.

மார்கழியில் பதில் கிடைத்தது. புதிய நிபந்தனைகளை அண்ணன் ஏற்கவில்லை என்று பதிந்திருந்தார்கள். பழைய நிபந்தனைப்படி அந்தச் சிறு தொகையை மட்டும் கேட்டிருந்தார்கள். என் சம்பளத்தில் கட்டினேன். கணக்கு மூடப்பட்டுவிட்டது. கதவை உடைத்தவர்களில் ஒருவரையும் இதுவரை பிடிக்கவில்லை.