ஆமென் சொல்ல முடியாத புதன்கிழமை

போன ஆடி மாதம், போத்தனூரில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. ஒரு புதன்கிழமை, காலை வேளை. இன்றைக்கும் எங்கள் படுக்கையறைத் தாழ்ப்பாளைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அடுத்த நொடியே சிரிப்பும் வந்துவிடும்!

எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வேலைக்குப் போனவள் நான். மகன் பிறந்த பிறகு வீட்டில் இருக்கிறேன். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. பருப்பு வேகவைப்பதும் குழந்தை பின்னால் ஓடுவதும் போதாது, கர்த்தருக்காக ஏதாவது பெரிதாகச் செய்தே ஆக வேண்டும் என்று ஒரே துறுதுறுப்பு. எங்கள் சபையில் என்னைப் போல வீட்டில் இருக்கும் அம்மாமார் மூன்று பேரையும் போதகரின் மனைவியான ஆயரம்மாவையும் சேர்த்துக்கொண்டு, புதன்தோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததோடு விட்டேனா? சட்டம் வேறு போட்டேன். பத்தரைக்குப் பாட்டு, பதினொன்றேகாலுக்கு ஆமென். ஜெப நேரத்தில் யார் போனும் அடிக்கக் கூடாது, அதனால் எல்லாப் போனும் ஹாலில் பிரிட்ஜ் மேல் இருக்கும் கூடைக்குப் போய்விட வேண்டும். ஆயரம்மாவின் போனையே நான் கை நீட்டி வாங்கி வைப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட் அருகில் நின்று, "ஏனுங்க அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. பாட்டைக் கொஞ்சம் மெதுவாப் பாடுனா தேவலைங்க" என்றார். அவர் ஒரு மில்லில் ராத்திரி ஷிப்ட் வேலை பார்ப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்திருப்பார். அவ்வளவுதான் அவர் சொன்னது, அதுவும் ஒரே ஒரு முறை. எனக்கோ சுள்ளென்று ஏறியது. கர்த்தர் அகற்ற வேண்டியவற்றை எழுத, என் ஜெப நோட்டில் 'தடைகள்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் முதல் வரியாக 'பக்கத்து வீட்டு அக்கா' என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். அவர் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த ஹாலை விட்டு, கூட்டத்தைப் பின்பக்கப் படுக்கையறைக்கு மாற்றினேன். ஏதோ பெரிய பாடு அனுபவிக்கிற நினைப்பு எனக்கு!

அந்தப் புதன்கிழமை ஆடிக் காற்று பேய்த்தனமாக அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டோம். இரண்டரை வயது மகன் ஹாலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். படுக்கையறைக் கதவை லேசாகத்தான் சாத்தி வைத்திருந்தேன். பாட்டு முடிந்து, ஐந்து பேரும் முழங்காலில் நின்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். வெளியே ஏதோ தரையில் இழுபடும் சத்தம். அப்புறம் 'டக்'.

"அம்மா, பூட்டியாச்சு!" என்று ஒரு குரல். அவ்வளவு பெருமை அதில்!

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். அதற்கு முந்தின வாரம்தான் அந்த வித்தையைக் கற்றிருந்தான். அவனுக்குத் தாழ்ப்பாளைத் தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது.

"திற கண்ணு" என்றேன். முக்கினான், முனகினான், முடியவில்லை. சரி, போன் பண்ணி யாரையாவது கூப்பிடலாம் என்று கை தானாக இடுப்புக்குப் போனது. போன்! ஐந்து போனும் கூடையில். நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தாலும் தேவலாம்.

"கேட்டைக் கொக்கி போட்டீங்களா?" என்று கூட்டத்துக்குக் கடைசியாக வந்த சபை அக்காவிடம் கேட்டேன்.

"சும்மா சாத்திட்டு வந்தேன்… முன்கதவும் தொறந்துதான் இருக்குது" என்றார்.

எனக்கு அதுதான் பயம். காரணம் இருக்கிறது. எங்கள் தெருவின் கடைசியில் ரயில் பாதை. நடுவே ஒரு மதில் உண்டு, ஆனால் குறுக்குவழியில் போகிறவர்கள் அதில் ஆள் நுழையும் அளவுக்கு உடைத்து வைத்திருக்கிறார்கள். என் மகனுக்கோ ரயில் என்றால் உயிர். ஹாரன் சத்தம் கேட்டால் சாப்பாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான்.

கம்பி போட்ட ஜன்னலைத் திறந்து கத்தினோம். பின்னால் காலி மனை, காற்றுதான் பதில் சொன்னது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று கதவைத் தட்டி, "அக்கா! அக்கா!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் அலறினோம். அங்கேதான் தப்புப் பண்ணினோம். மகன் பயந்து வீறிட்டான். குட்டிக் கால்கள் கதவை விட்டு விலகிப் போகும் சத்தம் கேட்டது.

"கத்தாதீங்க!" என்றேன். என்ன தோன்றியதோ, தரையில் படுத்து, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் விரல்களை நீட்டி, ஞாயிறு பள்ளியில் அவனுக்குப் பிடித்த கைதட்டுப் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அழுகை நின்றது. கால்கள் திரும்பி வந்தன. சின்ன விரல் ஒன்று என் விரலைத் தொட்டது. பாட்டு முடிந்ததும் கதவில் பட் பட் என்று தட்டி, "இன்னொண்ணு!" என்றான்.

பாடினோம். இன்னொண்ணு. அதையும் பாடினோம். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம்கூட எனக்குப் பயம். அவ்வளவு மனதார நான் அதுவரை ஜெபித்ததே இல்லை, ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

அப்போதுதான் ரயில் ஹாரன் அடித்தது.

விரல் விலகியது. "ரயிலு!" என்று கத்திக்கொண்டு ஓடும் சத்தம். அந்த நொடியில் எனக்குப் பின்னாலிருந்து, "கூஊஊ…!" என்று ஒரு பெரிய சத்தம். ஆயரம்மா! ஆலயத்தில் சிரித்துக்கூடப் பார்த்ததில்லை அவரை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கூஊஊ… தடக் தடக், தடக் தடக்! ரயிலு உள்ளதான் இருக்குது சாமி, ஓடியா!" என்கிறார். மற்ற மூன்று பேரும் அவர் பின்னால் தோளைப் பிடித்து ரயில் ஓட்டுகிறார்கள், கண்ணில் தண்ணீரோடு. ஓடிய கால்கள் நின்றன. யோசித்தன. தடதடவென்று கதவுக்கே திரும்பி வந்தன.

எவ்வளவு நேரம் ஓடியதோ அந்த ரயில். திடீரென்று கேட் கிறீச்சிட்டது.

"ஏனுங்க அம்மணி, மணி பன்னெண்டு ஆச்சு. இன்னைக்கு உங்க சாமி உங்களை வுடமாட்டாராட்ட இருக்குது?" பக்கத்து வீட்டு அக்கா! அடுத்து, "அட கண்ணு, நீ ஒருத்தன் மட்டும் இங்கென்ன பண்றே? அம்மா எங்க?"

"உள்ள ரயிலு" என்றான் மகன்.

தாழ்ப்பாள் விலகியது. மகனை அள்ளிக்கொண்டு, அந்த அக்காவையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். அவர் தலை கலைந்து, கண் இரண்டும் சிவந்து நின்றார்.

"சண்டை போடலாம்னுதான் வந்தனுங்க" என்று அவரே சிரித்தார். "காலைல ஏழு மணிக்கு வந்து, சோறாக்கி, புள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்பிப்போட்டு, அப்பறந்தான் படுக்கறது. புதன்கிழமைன்னா பதினொன்னேகாலுக்கு நீங்க ஆமென் சொன்னதுக்கப்பறம் தூங்கலாம்னு படுத்துக் கெடப்பேன். பின்னால ரூமுல பாடுனாலும் கேக்குமுங்க. நடுவால நீங்க கத்துனதையும் ஜெபம்னே நெனச்சுட்டனுங்க. இன்னைக்கு முடியவே காணோம். போதாததுக்கு கூ கூங்கறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் எங்கள் ஆமெனுக்காகக் கண் எரியக் காத்துக் கிடந்திருக்கிறார் ஒருவர். அவரை அகற்றிவிடும்படி நான் வாராவாரம் ஜெபித்திருக்கிறேன். அவர் தூங்காமல் கிடந்ததால்தான் என் பிள்ளை என் கையில் இருக்கிறான்.

ஆயரம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "நீங்க எத்தனை மணிக்குங்க எந்திரிப்பீங்க?"

"ரெண்டரைக்குங்க."

இந்தச் சின்னக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. இத்தனை மாதமும் ஒரு சுவர்தான் நடுவில் இருந்தது.

இப்போது எங்கள் கூட்டம் மூன்று மணிக்கு, மறுபடி ஹாலில். நாங்கள் முழங்காலில் நிற்கும் நேரம், தூங்கி எழுந்த அந்த அக்கா என் மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று ரயில் காட்டுகிறார். அவர் சாமி அவருக்கு, எங்கள் ஜெபம் எங்களுக்கு. கூடை இன்னும் இருக்கிறது, ஆனால் ஒரு போன் மட்டும் என் இடுப்பில். 'தடைகள்' பக்கத்தைக் கிழித்துவிட்டேன். யாருடைய பேரையும் ஜெப நோட்டில் எழுதுவதற்கு முன்னால், "நல்லாத் தூங்குனீங்களா?" என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்; என் ஜெபம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.