கூட்டைக் கலைத்தவன்

தம்புசாமிக்குப் பயந்த சுபாவம் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்வார்கள். சொன்னவர்கள் நாக்கு அழுகட்டும். தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த ஆள் அவன். பயந்ததெல்லாம் பெண்டாட்டியின் கண்ணீருக்கு மட்டும்தான். நான் நாகையா, அடுத்த வீட்டுக்காரன். சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவது என் வேலை.

அவன் மனைவி சீதாலெட்சுமிக்கு மூன்று முறை கரு கலைந்திருந்தது. நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசியைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது, நாலாவது முறையாக முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம். அப்போதுதான் கொல்லைப்புற ரம்புத்தான் மரத்தில் கதண்டு கூடு வைத்தது.

கதண்டும் ஒரு வகைக் குளவிதான். அந்தச் சொல்லில்தான் வினை வந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று நம் ஜனங்கள் நம்புகிறவர்கள் அல்லவா?

"குளவி கூடு கட்டியிருக்குங்க. இந்தப் பிள்ளை தங்கிடும்" என்றாள்.

"அது மண்குளவிக்குச் சொன்னது புள்ள. இது கதண்டு. கூட்டமா வந்து கொட்டினா ஆளே போயிடும்."

"எதுவா இருந்தாலும் குளவிதானே? கலைக்காதீங்க."

அவன் கூட்டைத் தொடவில்லை. அவள் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது. தினமும் காலையில் கூடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொள்வாள். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இரண்டு மாதத்தில் கூடு பானை அளவுக்குப் பருத்துவிட்டது. ஒருநாள் மரத்தடியில் கட்டியிருந்த ஆடு ஒன்று கொட்டுப்பட்டே செத்தது. சீதா குழாயடிக்குப் போகிற வழியும் அதுதான். அன்று சாயங்காலம் தம்புசாமி என்னிடம் வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும்."

ஜப்பான்காரன் கண்டால் தலை போகும். கொடுத்தேன்.

மறுநாள் பொழுது சாயும்போது, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நீள மூங்கிலில் சாக்கைச் சுற்றிக் கொளுத்தினான். தோளில் மூன்று கொட்டு வாங்கினான். கூடு சாம்பலானது. அவள் திரும்பி வந்து மரத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

நாலாம் நாள் கரு கலைந்தது.

மருத்துவச்சி பவுனம்மாள் வெளியே வந்து, "உடம்புல ரத்தமே இல்ல. வெறும் கிழங்கத் தின்னா எந்தப் பிள்ளை தங்கும்?" என்றாள். சீதாவிடமும் அதையேதான் சொன்னாள். காதில் ஏறவில்லை.

"கூட்டக் கலைச்சீங்க. என் வயிறு கலைஞ்சிருச்சு" என்றாள் புருஷனிடம்.

அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்கப்புறம் கிழங்கை அவித்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவன் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்மேல தப்பில்லைன்னு சொல்லித் தொலையேண்டா!"

"முன்னாடி மூணு தடவை போனப்ப அவளால யாரையும் குத்தம் சொல்ல முடியல அண்ணே. இப்ப சொல்றதுக்கு நானாச்சும் இருக்கேன்."

இவனையா பயந்தவன் என்றார்கள்?

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க வந்தபோது மற்றவர்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். இவன் தானாகப் போய்ப் பேர் கொடுத்தான். லோரி புறப்படும்வரை தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். கதவு திறந்துதான் இருந்தது. அவள் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து கடைசியில் சயாமிலிருந்து திரும்பிய ஒருவன், தம்புசாமி போன மூன்றாம் மாதமே வாந்திபேதியில் செத்துவிட்டதாகச் சொன்னான். அதை சீதாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் அழவில்லை. சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"போகாதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாரா அண்ணே?"

இல்லம்மா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவன் நின்றிருப்பான்.