கோழி அடைகாத்த கார்

எங்கள் அப்பா வாங்கிய காரில் முதலில் ஏறி வந்தது ஒரு கோழி. பக்கத்து ஊர்ப் பண்ணையார் வீட்டு வைக்கோல் கொட்டகையில் பல வருஷம் கிடந்த வண்டி அது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தபோது, பின்சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியும் முட்டைகளோடு வந்துவிட்டது. "உங்கப்பா வாங்குனது காராடா, கோழிக்கூண்டாடா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டே என்னை அழவைத்தார்கள்.

அப்பா அரிசி ஆலையில் ஃபிட்டர். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அதுவும் காருக்கே போனது. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ப்பார். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைப்பார். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பாள்: "எப்பங்க ஓடும்?"

அக்கா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு திருவையாற்றில் இருந்தாள். கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை, அம்மாவையும் விடவில்லை. கல்யாணமான பெண்ணுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் தாய்வீட்டிலிருந்து பானையும் மஞ்சள் கொத்தும் கரும்பும் போகவேண்டும். அதுதான் பொங்கல் சீர். அக்காவின் தலைப்பொங்கலுக்கு அது போகவில்லை. மறு பொங்கலுக்கும் போகவில்லை. அப்புறம் அப்பாவே ஒருநாள், "பஸ்ல போயி நிக்க முடியாது. கார் ஓடட்டும், சீரோட போவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இருந்தாள். வாழைப்பூ வடை சுட்டால் எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, அவள் மட்டும் தொடமாட்டாள். அக்காவுக்கு அது உயிர்.

மார்கழி மாதக் கடைசி ஞாயிறு. அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது! நான் குதித்தேன். அப்பா சிரிக்கக்கூட இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தெருமுனையில் அம்மாவின் தலை தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாதடா."

"ஏம்ப்பா?"

"இன்னும் வேலை இருக்கு."

எனக்கு ஆத்திரம். கேலி பேசிய பயல்கள் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டிய வண்டியல்லவா?

போகிக்கு முதல்நாள் அம்மா வெண்கலப் பானையைத் துலக்கினாள். கொல்லையில் மஞ்சள் கொத்தைப் பிடுங்கினாள். கரும்புக் கட்டு, பச்சரிசி, வெல்லம் எல்லாவற்றையும் கார் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"செல்ஃப் எடுக்கல. அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் அப்பா.

அம்மா குனிந்து, மஞ்சள் கொத்தில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்க்க ஆரம்பித்தாள். மண் போன பிறகும் உதிர்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓடுதும்மா! ஞாயித்துக்கெழமையே ஓடிச்சு!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டயரைப் பார்த்தார்.

"மக மூஞ்சியத் திருப்பிக்குவாளோன்னு பயமாங்க?" என்று அம்மா மெல்லக் கேட்டாள். அப்பா பானையைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

வழி நெடுக அவர் மாட்டுவண்டிக்குக்கூட வழிவிட்டு ஓட்டினார்.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றதுமே அம்மா இறங்கி ஓடினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா மட்டும் நேராக முன்பக்கம் போய், பானட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டுக்கொண்டார். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா..."

அவர் நிமிரவில்லை. "ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார்.

அக்கா ஓடிப்போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அப்பா ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. அண்ணாந்து அவ்வளவு தண்ணீரையும் அவரே குடித்தார். குடித்து முடித்தும் செம்பை முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தார்.

"கெளம்பும்போதே நான் ரொப்பிட்டேனேப்பா!" என்றேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

உள்ளதைத்தானே சொன்னேன், எதற்குக் கிள்ளினாள்? ஊர் வந்து சேரும்வரை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.