வெள்ளாற்றுப் பாலத்தில் இடைவேளை

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். கடலூரிலிருந்து பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைக்குமா, கிடைத்தால் வெயில் அந்தப் பக்கமே அடிக்குமா, மாத்திரை டப்பாவை எடுத்துவைத்தேனா என்ற வழக்கமான கவலைகளோடு ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்று சொல்லக் கூடாது. கட்டைவிரலால் தட்டித் தட்டிப் படத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தால் ஒரு தட்டு. அம்மா அழுதால் இரண்டு தட்டு. முதுநகர் வருவதற்குள் கதாநாயகனுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

முதுநகரைத் தாண்டியதும் ரசாயனத் தொழிற்சாலைகளின் மருந்து வாடை வரும். இப்போது குறைந்திருக்கிறது, அல்லது என் மூக்கு பழுதாகிவிட்டது. மற்றவர்கள் அந்த வாடைக்குக் கைக்குட்டையைத் தேடுவார்கள். எனக்கோ சினிமா ஞாபகம் வரும்.

ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தியிருந்த காலம் அது. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீடு கடலூரில். ரயிலில் போய்க்கொண்டிருந்த நாங்களெல்லாம் காலை பஸ்ஸுக்கு மாறினோம். அந்த பஸ்ஸின் ஜன்னல்களுக்குத் தகர ஷட்டர். வாடை வந்ததும் எல்லா ஷட்டரும் படபடவென்று இறங்கும். பஸ் இருட்டாகிவிடும். அப்படி ஒரு திங்கட்கிழமை இருட்டியபோதுதான் பக்கிரி எழுந்து, "தேட்டர் ரெடி. படத்த போட்ரலாமா சார்?" என்றார்.

பக்கிரி சிதம்பரத்தில் கரண்டு ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்க்காவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். திங்கட்கிழமை காலை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுக் கதையையும் பின்னணி இசையோடு சொல்வார். முழு என்றா சொன்னேன்? தவறு. பாதிக் கதைதான். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் இடைவேளை. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

"இத்தினி பேரு ராப்பகலா ஒழச்சி எடுக்கறான். மீதிய நான் ஓசியில சொன்னா அது திருட்டு சார். வேணுங்கறவன் டிக்கெட் எடுத்துப் பாக்கட்டும்" என்பார். திருட்டு சிடி ஊரெல்லாம் மலிந்து கிடந்த காலத்தில் இப்படி ஒரு மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பாலத்துக்குப் பிறகு அபிப்பிராயங்கள். இதற்குத் தடையில்லை. "ஃபைட்டு ஏ-ஒன். ஆனா வில்லன் சட்ட கசங்கவே இல்ல பாத்தியளா?" என்று ஆரம்பிப்பார். நான் என் பங்குக்குப் புள்ளிவிவரம் கொடுப்பேன். எண்ணுவது என் வியாதி. ஒரு படத்தில் கதாநாயகன் அடித்தது பதினான்கு பேரை, விழுந்தது பதினாறு பேர் என்று சொன்னபோது பக்கிரி அசரவில்லை. "அந்த ரெண்டு பேரு பயத்துல வுழுந்தவனுங்க சார். அதான் டைரக்சன்!" என்றார்.

எங்களோடு வந்தவர் ஸ்டெல்லா. ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்தேன். பக்கிரி ஒரு காட்சியை விட்டுவிட்டால் மட்டும் கண் திறக்கும். "அந்த நாய்க்குட்டி என்ன ஆச்சிண்ணே?" என்பார்.

அவர் கணவர் அருள் வேன் டிரைவர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருந்தார். ஒரு காலத்தில் முதல் நாள் முதல் காட்சிக்கு பேனர் கட்டிய ஆள். வைத்தியச் செலவில் வீட்டு டிவியும் போய்விட்டது. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. அது இலவச டிவி வந்த வருஷம்தான் தெரிந்தது.

பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு. ஸ்டெல்லா அன்று கண்ணை மூடவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் பக்கிரி.

"எங்க வூட்டுக்கும் கெவர்மெண்டு டிவி வந்துட்டுதுண்ணே."

"நல்ல சேதிதான? அதுக்கு ஏன் மொகம் இப்பிடி?"

"பொங்கலுக்கு டிவியில, நீங்க முன்ன கத சொன்னீங்களே, அந்த மீன் லாரிக்காரன் படம் போடறானாம்."

இருட்டுக்குள் மெல்ல மெல்லச் சொன்னார். பக்கிரி சொல்லும் கதையை ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் அவர் அருளிடம் சொல்லிவந்திருக்கிறார். பாலம் வரைக்கும் பக்கிரி கதை. அதற்குமேல் ஸ்டெல்லாவே கட்டிய கதை.

"அப்புறம் என்னாச்சின்னு கேக்கறாரே, நான் என்னண்ணே பண்ணட்டும்?"

பக்கிரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அட, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ரூல தூக்கி ஆத்துல போட்டிருப்பனேம்மா!"

"நீங்க திருட்டுன்னு சொல்லிட்டீங்க. எப்பிடிக் கேக்கறது?" ஸ்டெல்லா சிரிக்கப் பார்த்து, முடியாமல், என் பக்கம் திரும்பினார். "படத்துக்காக பயப்படல சார். நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு இப்ப தெரிஞ்சிபோச்சின்னா, டாக்டரு தேறிடும்னு சொன்னாருன்னு நான் சொல்றதையும் நம்பமாட்டாரு. அத நம்பித்தான் சாப்புடறாரு."

பாலம் வந்தது. "நீ கட்டுன கதைய சொல்லு தங்கச்சி" என்றார் பக்கிரி. வெள்ளாற்றைத் தாண்டி எங்கள் பஸ்ஸில் முதல்முறையாக ஒரு இரண்டாம் பாதி ஓடியது.

அசல் படத்தில், இடைவேளைக்கு முன் லாரியோடு ஆற்றில் தள்ளப்படும் கதாநாயகன் தாடியோடு திரும்பி வந்து வில்லனைக் கொல்வான். நான் அதைப் பார்த்திருந்தேன், ஆறு சண்டை. ஸ்டெல்லாவின் படத்தில் அவன் எழுந்திருக்கவே இல்லை.

"பாயிலதான் கெடப்பான் சார். இவன் செத்துட்டானான்னு பாக்க வில்லன் வருவான். இவன், வா, உக்காரு, மழையில நனஞ்சிட்டியேன்னுவான். வில்லன் நனஞ்ச துணியோட உக்காந்துட்டுப் போவான். அடுத்த வாரமும் வருவான். இவன் ஏண்டா தள்ளுனேன்னு கேக்கவே மாட்டான். கேக்காததே அவனுக்குத் தாங்காது. கடசியில தானா போயி போலீசுல நின்னுடுவான்."

"ஃபைட்டே கெடையாதா?" பக்கிரியின் குரலில் உண்மையான கவலை.

"ஒண்ணு இருக்குண்ணே. கொசுவலைக்குள்ள ஒரு கொசு பூந்துடும். பெரள முடியாது. கைக்கு எட்டற எடத்துல அது வந்து உக்கார்ற வரைக்கும் காத்திருந்து அடிப்பான். அருளு அதுக்கு விசிலடிச்சாரு."

பஸ் நிலையத்தில் நாங்கள் இறங்கவில்லை. "இன்னா சார், திரும்பவும் கடலூருக்கே டிக்கெட்டா?" என்று கண்டக்டர் கத்திய பிறகுதான் எழுந்தோம். இறங்கும்போது நான், "பக்கிரி, பொங்கலன்றைக்கு ஒரு மூன்று மணி நேரம் மின்வெட்டு வரும்படி..." என்று இழுத்தேன்.

"நீங்க வேற! நான் பில்லு எழுதறவன் சார். தெனம் கரண்டு போறதுக்கே தெருவுல என்னத்தான் புடிச்சித் திட்டறானுங்க" என்றார்.

அவர் ஏதாவது முயன்றாரா என்று தெரியாது. ஆனால் தினமும் போகும் மின்சாரம் பொங்கலன்று போகவில்லை. எங்கள் வீட்டில் நான் படத்தைப் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவே இல்லை.

விடுமுறை முடிந்து ஸ்டெல்லா பஸ்ஸில் ஏறியதும், வாடை வருவதற்கு முன்பே நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டோம்.

"முழுசா பாத்தாரு" என்றார் ஸ்டெல்லா. "முடிஞ்ச பெறகு டிவிய நிறுத்தச் சொன்னாரு. அப்புறம், படுபாவிங்க, நல்ல எடத்தயெல்லாம் வெட்டிட்டானுங்க, அவன் படுத்துக்கிட்டே ஜெயிக்கறதுதான படமே, அதயே காணோம்னாரு."

பக்கிரி கைதட்டினார். பிறகு பெரிய மனதோடு, "இனிமே ஒனக்கு மட்டும் முழுக்கதையும் சொல்றேன் தங்கச்சி. ரூலு கெடக்கட்டும்" என்றார்.

ஸ்டெல்லா முந்தானையை விரலில் சுற்றினார். "அதயும் அவரே சொல்லிட்டாருண்ணே. பக்கிரி அண்ணன் பாலத்துக்கு அந்தாண்ட ஒண்ணும் சொல்லவேணாம், அதுக்கு மேல நீ சொல்றதே போதும்னுட்டாரு."

பஸ்ஸுக்குள் இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பக்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ பெரிய ரசிகன் சார்!" என்றார். நான் அன்று எதையும் எண்ணவில்லை.

பிறகு ரயில் வந்தது. ஆளுக்கொரு பெட்டியில் சிதறினோம். நான் ஓய்வு பெற்றேன். ஸ்டெல்லா ஒரு நாள் ரயிலடியில் பார்த்து, "இன்னும் கத கேக்கறாரு சார். சாப்புடறாரு" என்றார். அதன்பின் அவர்கள் மகள் வீட்டோடு திருச்சிப் பக்கம் போய்விட்டார்கள். பக்கிரி இப்போது இல்லை. அவர் படம் பார்த்த கொட்டகை கல்யாண மண்டபமாகிவிட்டது. தகர ஷட்டர்களும் போய்விட்டன; இப்போதெல்லாம் கண்ணாடிதான், பஸ் இருட்டுவதில்லை. ஒரே ஒருவருக்காக ஓடிய அத்தனை இரண்டாம் பாதிகளும் எந்த பிலிம் பெட்டியிலும் இல்லை.

போன வாரம் வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது, பழக்க தோஷம், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்துப் பெண் ஒரு தட்டுத் தட்டினாள். பாலம் முடிந்துவிட்டது; படம் நிற்கவில்லை.