அவங்க வெதர், நம்ம வெதர்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் டிராவல் டெஸ்க் என் உத்தியோகம். டிக்கெட் போடுவது பத்து நிமிஷ வேலை, பறக்காத விமானத்துக்காகத் திட்டு வாங்குவது நாள் முழுக்க. குளிர்காலத்தில் விமான நிலைய நாற்காலியில் முதுகு வலி வாங்கியவர்களே, இது உங்கள் கதையும்தான்.

பக்கத்து கேட்

எங்கள் லைன் ஆபரேட்டர் முத்துக்குமாரைப் பயிற்சிக்கு டெல்லிப் பக்கம் அனுப்பியிருந்தோம். தை மாதம், ஞாயிறு காலை, கோவில்பட்டியில் அவனுக்கு நிச்சயதார்த்தம். "சனிக்கிழமை காலை விமானம், ராத்திரி ரயில், விடிஞ்சா ஊர்ல இருப்பே" என்று சத்தியம் செய்து டிக்கெட் போட்டவன் நான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, வானிலை காரணமாகத் தாமதம் என்று குறுஞ்செய்தி. போனில் அவன் அழாத குறை. "பனி எட்டு மணிக்கே வெலகிட்டு அண்ணாச்சி. பக்கத்து கேட்ல இன்னொரு கம்பெனிக்காரன் சென்னைக்குக் கெளம்பியே போயிட்டான்."

விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, அதே வானத்தில் அவர்கள் மட்டும் எப்படிப் பறந்தார்கள் என்று கேட்டேன். எதிர்முனைப் பெண் அசரவே இல்லை: "சார், அது அவங்க வெதர். நாங்க எங்க வெதரைத்தான் சொல்ல முடியும்."

நாலாவது 'ஏன்'

எங்கள் ஆலையில் எது நின்றாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முத்துக்குமாரின் சூப்பர்வைசர் தயாளன், மணிமங்கலத்துக்காரர், என் போனைப் பிடுங்கி அதை ஆரம்பித்துவிட்டார். ஏன் தாமதம்? பனி. பனிதான் விலகிவிட்டதே, ஏன் கிளம்பவில்லை? விமானி இல்லை. ஏன் இல்லை? காத்திருந்ததிலேயே அவர் வேலை நேரம் முடிந்துவிட்டது. வருஷா வருஷம் வருகிற பனிதானே, ஏன் மாற்று விமானி வைக்கவில்லை? கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது, பிறகு லைன் கட்.

அரை மணியில் விமானமே ரத்து. காரணம் வானிலை, அதனால் அவர்கள் பொறுப்பில்லை, அடுத்தது நாளைக் காலை. தயாளன் போனைத் திருப்பிக் கொடுத்தார்: "நாலாவது ஏன்லயே உழுந்துட்டாங்க. நம்ம லைன்ல எவனாச்சும் இப்டி எழுதிக்கினு வந்தா மெமோ குடுத்துருப்பேன்."

மாப்பிள்ளை நாற்காலி

ஞாயிறு காலை தட்டு மாற்றும்போது மாப்பிள்ளை நாற்காலியில் ஒரு செல்போன்தான் இருந்தது. மாப்பிள்ளை டெல்லியில் வரிசையில் நின்றிருந்தான். பெண் வீட்டாருக்குச் சமாதானம் சொல்ல, சென்னையில் இறங்கிய கையோடு ஊருக்கு ஓடினான். சத்தியம் செய்த எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. மணப்பெண் அவனிடம் சொன்னாளாம்: "கல்யாணத்துக்கு நடந்து வந்தாலும் பரவால்ல, பிளேன்ல மட்டும் வந்துராதீய."

படிவம்

திங்கட்கிழமை முத்துக்குமாரால் வேலைக்கு வர முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, விமான நிறுவனம் கொடுத்த 'வானிலை' சான்றிதழைத் தயாளனிடம் நீட்டினான். அவர் அதை மடித்து அவன் பையிலேயே வைத்துவிட்டு, ஐந்து 'ஏன்' படிவத்தை எடுத்துக் கொடுத்தார்: "வெதர்னுலாம் எழுதாத நைனா. முன்னாடியே கெளம்பாதது என் தப்புன்னு எழுது, அப்பத்தான் மேல பாஸ் ஆவும்."

பனி டெல்லியிலேயே நின்றுவிட்டது, விமானி வீட்டுக்குப் போய்விட்டார், தாமதமில்லாமல் ஒரகடம் வந்து சேர்ந்தது பொறுப்பு மட்டும்தான்.